ஆள் எண்ணப் போட்ட மேசை

போன மாதம் ஒரு காலை. வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். என் பழைய அலுவலகத்திலிருந்து ஹேமா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்த இன்ஜினியர் பெண் அவள்.

"மேடம், ஒரு சின்னச் சந்தேகம். கடைவீதி கேமராவுல ஆறு பொம்பளைங்க வரிசையா நிக்கிறாங்க. காலைல ஒம்பது மணிக்கு வர்றாங்க, கடை அடைக்கிற வரைக்கும் அசைய மாட்டேங்குறாங்க. மூணு நாளா இதே வேலை."

"சாப்பிடக்கூடப் போகலையா?"

"இல்ல மேடம். கம்ப்யூட்டர் அவங்கள 'காத்திருப்போர்'னு போட்டிருக்கு. எதுக்குக் காத்திருக்காங்கன்னுதான் தெரியல. அந்த எடத்துல பெஞ்சு போடணும்னு அதுவே சிபாரிசும் பண்ணிருச்சு."

அவரைக்காயை மூடி வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். ஒரு ஜவுளிக்கடை வாசலில் நைட்டி மாட்டிய ஆறு பொம்மைகள் நின்றன. ஏழாவதாக ஒன்றும் இருந்தது, அதற்குத் தலை இல்லை. கம்ப்யூட்டர் தலையை வைத்துத்தான் ஆளை எண்ணுமாம். ஆகவே ஏழாவதை அது சேர்க்கவில்லை. அந்த மட்டில் அது ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது.

அங்கே வந்திருந்த ஹேமாவுக்கு முகம் வாடிவிட்டது. "நீங்கள்லாம் கையால எண்ணுன காலத்துல இப்படி நடந்திருக்காதுல்ல மேடம்?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொம்மையை நான் எண்ணியதில்லை என்பது உண்மைதான். ஆனால் நான் செய்த காரியத்துக்கு முன்னால் இந்த ஆறு நைட்டிகள் ஒன்றுமே இல்லை. நடந்ததைக் கடைவாசலிலேயே நின்று சொன்னேன். "இத எழுதிக் குடுங்க மேடம், புதுசா வர்றவங்களுக்குப் படிக்கக் குடுக்குறேன்" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் பாக்கியம். சொந்த ஊர் எரியோட்டுப் பக்கம். கல்யாணமாகித் திண்டுக்கல் வந்தேன். இருபத்தாறு வருடம் ஒரு தனியார் கணக்கெடுப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஒரு தெருவில் எத்தனை பேர் நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்கார்கிறார்கள் என்று பார்த்து எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. நடைபாதையோ கழிப்பறையோ நிழற்குடையோ கட்டுகிறவர்கள் எங்கள் தாளைப் பார்த்துத்தான் இடம் முடிவு செய்வார்கள். என் கணவர் இதைச் சொந்தக்காரர்களிடம் விளக்க முடியாமல் "சர்வே ஆபீஸ்" என்று சொல்லிவைத்தார். வரப்புத் தகராறு உள்ள சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் வீட்டுக்கு வந்து, "அத்தாச்சி, நெலம் அளக்குற சங்கிலி எப்பக் கொண்டாருவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று நாள் பேருந்து நிலையத்தில் நிறுத்தி வைத்தார்கள். முதல் நாள் தலை சுற்றியது. இரண்டாம் நாள் ஒரு நடத்துனர், நான் பஸ்ஸைத் தவறவிட்டுத் தவிக்கிறேன் என்று நினைத்து, பையைப் பிடுங்கி உள்ளே வைத்து என்னை வத்தலக்குண்டு வண்டியில் ஏற்றிவிட்டார். பேகம்பூரில் இறங்கி நடந்தே திரும்பினேன். மூன்றாம் நாள் வேலை பிடிபட்டுவிட்டது.

எங்கள் மேலதிகாரி தேவசகாயம் சார். ஒல்லியாக, உயரமாக, எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றாதவர். படிவங்களுக்கு அவரே மர ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார். அச்சடித்த படிவத்தின் கோடு ஒரு பக்கம் சாய்கிறதாம். யாரையும் நீ, வா, போ என்று பேசமாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடிக்கொண்டே போகும். சாதாரணமாக "சரிம்மா" என்பார். தப்பு நடந்தால் "சந்தோஷம்மா" என்பார். பெரிய தப்பு என்றால் "ரொம்ப சந்தோஷம்மா." அந்த ரொம்பவைக் கேட்டு வேலையை விட்டுப் போனவர்கள் இரண்டு பேர் எனக்குத் தெரியும்.

வேலை முறை இதுதான். ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, தரையில் சுண்ணாம்புக்கட்டியால் இருபுறமும் கோடு கிழிப்போம். அந்த எல்லைக்குள் வருகிறவர்கள் மட்டும்தான் கணக்கு. கையில் ஒரு எண்ணும் கருவி இருக்கும். கட்டைவிரலால் அமுக்கினால் டிக் என்று ஒரு எண் கூடும். அதை மஞ்சப்பைக்குள் வைத்து, பைக்குள் கையைவிட்டபடி அமுக்குவோம். கால் மணி நேரம் எண்ணி, ஐந்து நிமிடத்தில் படிவத்தில் ஏற்ற வேண்டும். நடப்பவர், நிற்பவர், உட்கார்ந்திருப்பவர், சாய்ந்திருப்பவர் என்று நான்கு கட்டங்கள். சாய்ந்திருப்பவர் கட்டம் சாருடைய கண்டுபிடிப்பு. "சாய்ஞ்சு நிக்கிறவருக்கு உக்கார ஆசை, எடம் இல்லைன்னு அர்த்தம். அவரை நிக்கிறவரோட சேர்க்கக் கூடாது" என்பார். நின்றுகொண்டிருக்கும் ஒருவர் மேல் இன்னொருவர் சாய்ந்திருந்தால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். அரை நாள் யோசித்துவிட்டு, "முதல் ஆள் தூண்" என்றார்.

இப்படி நிறைய வரும். இடுப்பில் இருக்கும் குழந்தை நடப்பவரா? ஆமாம், அம்மா நடந்தால் அதுவும் நடப்பவர். போனவரே திரும்பி வந்தால்? இரண்டு. ஒருமுறை நாகல் நகர்ப் பக்கம் எண்ணிக்கொண்டிருந்தபோது சவ ஊர்வலம் போனது. கூட வந்தவர்களை எல்லாம் டிக் டிக் என்று எண்ணிவிட்டு, நடுவில் போனவரிடம் விரல் நின்றுவிட்டது. மாலையில் சாரிடம் கேட்டேன். மறுநாளுக்கு மறுநாள் கூப்பிட்டார். "நல்லா யோசிச்சேன்மா. எல்லைக்கோட்டைக் கடந்துதானே போனார்? எண்ணிருங்க." எந்தக் கட்டத்தில் என்று நான் கேட்கவில்லை. அவரே படுத்தவாக்கில் ஒருவர் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

சாருக்கு மூன்று கட்டளைகள் உண்டு. எண்ணுகிறவர் யார் கண்ணிலும் படக்கூடாது. யாரிடமும் எதையும் கேட்கக்கூடாது, பார்க்க மட்டும் வேண்டும். எதற்காக எண்ணுகிறோம் என்று வாய்விடக் கூடாது. விட்டால், தங்கள் தெருவுக்கு நிழற்குடை வரவேண்டும் என்று ஊரையே கூட்டிவந்து நிறுத்திவிடுவார்கள். "நாம இல்லாத மாதிரி இருக்கணும். நாம இல்லாட்டி அந்த எடம் எப்படி இருக்குமோ, அதுதான் நமக்கு வேணும்" என்பார்.

நான் ஓய்வு பெற ஏழு மாதம் இருக்கும்போது அந்த வேலை வந்தது. ஊருக்குக் கிழக்கே புதிய வீடுகள் பெருகியிருந்த ஒரு சாலை. அதில் ஒரே ஒரு நிழற்குடை கட்டப்போகிறார்கள். இடம் இரண்டில் ஒன்று. ஒன்று, ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வாசல். இன்னொன்று, அங்கிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி, மூடிக்கிடந்த பழைய அரிசி ஆலை முக்கு. எங்கே கூட்டம் அதிகம் நிற்கிறதோ அங்கே கட்டுவார்கள். இரண்டு இடத்திலும் பத்துப் பத்து நாள் எண்ண வேண்டும்.

முதலில் ஆஸ்பத்திரி வாசலில் எண்ணினேன். எல்லைக்கோட்டுக்குள் பெரிதாக யாரும் நிற்கவில்லை. பஸ் வரும்போது எங்கிருந்தோ பத்துப் பதினைந்து பெண்கள் ஓடிவந்து ஏறினார்கள். ஓடுகிறவர்களை நடப்பவர் கட்டத்தில் போட்டேன்.

அந்தப் பத்து நாளில் என் முட்டி போய்விட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. பதினோராம் நாள் காலை சார் என்னைக் கூப்பிட்டார்.

"பாக்கியம்மா, ஒரு வாரமா எடது கால்லயே நிக்கிறீங்க."

"இல்ல சார், சும்மா..."

"சாய்ஞ்சும் நிக்கிறீங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் யாருமே அதைக் கவனித்திருக்கவில்லை. சார் சேமிப்பு அறையைத் திறந்து, ஒரு மடக்கு மேசையையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் பெரிய கறுப்புக் குடையையும் எடுத்துக் கொடுத்தார். "ஆலை முக்குல உக்காந்தே எண்ணுங்க. ஆள் நடமாட்டம் கம்மியான எடம். ஒன்னும் ஆகாது" என்றார். தன் முதல் கட்டளையைத் தானே மீறுகிறோம் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஆலை முக்கில் மேசை போட்டு, குடை கட்டி, படிவத்தை விரித்து உட்கார்ந்தேன். முட்டிக்கு அவ்வளவு சுகம். அரை மணி நேரம் ஒரு நாய்தான் இருந்தது. பிறகு பைக்கில் போன ஒருவர் கொஞ்ச தூரம் போய், யோசித்து, திரும்பி வந்தார்.

"என்னக்கா எழுதுறீங்க?"

"ஒன்னுமில்ல தம்பி, சும்மாதான்."

"சும்மா யாராச்சும் மேசை போட்டு எழுதுவாங்களா? குடையெல்லாம் கட்டியிருக்கு!"

மூன்றாவது கட்டளை இருக்கிறதே, நான் வாயைத் திறக்கவில்லை. அவர் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார். "ஏலே, அம்மாகிட்ட ஆதாரையும் ரேஷன் கார்டையும் குடுத்து முக்குக்கு அனுப்பு. என்னான்னு கேக்காத. வெளிய சொல்ல மாட்டேங்குறாங்க, அப்பப் பெருசாத்தான் இருக்கும்."

நான் அவரை நிற்பவர் கட்டத்தில் ஒன்று என்று ஏற்றினேன். அவர் மனைவி வந்தார். இரண்டு.

மூன்றாம் நாள் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். கூட்டத்தைப் பார்த்து டவுன் பஸ் ஓட்டுநர்கள் நிறுத்த ஆரம்பித்தார்கள். இதுதான் என்னைக் கெடுத்தது. பஸ் நிற்கிறது, ஆட்கள் நிற்கிறார்கள், அப்படியானால் இவர்கள் பஸ்ஸுக்குத்தான் நிற்கிறார்கள் என்று என் மனது தானாக முடிவு கட்டிக்கொண்டது. பஸ்ஸில் ஏறியது இரண்டு பேரோ மூன்று பேரோதான். ஏறுபவர் என்று எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

ஐந்தாம் நாள் ஒரு கொய்யாக்காய் வண்டி வந்தது. ஆறாம் நாள் மோர்க்காரர் வந்தார். ஷேர் ஆட்டோக்கள் வரிசை கட்டின. ஒட்டன்சத்திரத்துப் பக்கமிருந்து இங்கே குடிவந்திருந்த சரஸ்வதி என்ற பெண், ஒரு நோட்டோடு வந்து கூட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

"ஏனுங்க, வரிசையில வாங்க. நேத்தே பேரு குடுத்தவங்க முன்னால நில்லுங்க. மேடத்தைத் தொந்தரவு பண்ணாதீங்க, அவங்களா கூப்பிடுவாங்க" என்று அதட்டி, எல்லோருக்கும் எண் போட்டுக் கொடுத்தார்.

எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. வரிசையில் நின்றால் எண்ணுவது சுலபம். அவர் கொடுத்த கடைசி எண்ணும் என் கருவியில் இருந்த எண்ணும் ஒன்றாக இருந்தபோது, இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு துல்லியமாக நான் எண்ணியதில்லை என்று பெருமைப்பட்டேன். எதற்காக நிற்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இரண்டாவது கட்டளை தடுத்தது.

பத்து நாள் முடிந்தது. ஆலை முக்கு, ஆஸ்பத்திரி வாசலைப் போல் பல மடங்கு காட்டியது. சார் ஆச்சரியப்பட்டார். ஆனால் எண்ணை அவர் சந்தேகப்பட்டதே கிடையாது. அறிக்கை போனது. ஆலை முக்கில் நிழற்குடை என்று முடிவாகிவிட்டதாகத் தகவலும் வந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, முட்டியைக் காட்ட விடுப்பு எடுத்துக்கொண்டு அதே சாலையில் பஸ்ஸில் போனேன். நான் எண்ணிய அதே பத்தரை மணி. ஆலை முக்கு வந்தது. ஒரு ஆள் இல்லை. நாய்கூட இல்லை. கொய்யாக்கார அக்கா மட்டும் வண்டியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தச் சொன்னேன். இறங்கிப் போய் எழுப்பினேன்.

"வா தாயி! இன்னைக்குத்தான் வாரியா?" என்று வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "நீ வராட்டி ஒரு ஈ, எறும்பு இந்தப் பக்கம் வரல. மேசை எங்க?"

"அக்கா, அந்தக் கூட்டமெல்லாம் பஸ்ஸுக்குத்தான நின்னுச்சு?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பஸ்ஸுக்கா? உனக்குத்தான் நின்னுச்சு! எடமோ, வீடோ, மிக்ஸியோ, என்னமோ நீ குடுக்கப்போறன்னு. என்ன தாயி, உனக்கே தெரியாதா?"

அங்கிருந்து ஆஸ்பத்திரி வரை நடந்தேன். முட்டி வலித்ததா என்று நினைவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் என் பழைய சுண்ணாம்புக் கோடு லேசாகத் தெரிந்தது. கோட்டுக்குள் யாரும் இல்லை. கோட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் சுற்றுச்சுவரின் நிழல், ஒரு முழ அகலத்துக்கு. கோட்டுக்கு வெளியே என்பதால் பத்து நாளும் நான் திரும்பிப் பார்க்காத இடம். அந்த நிழலில் சுவரோடு சுவராக ஒட்டி, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு பதினேழு பெண்கள் நின்றார்கள். நிறைமாதக்காரி ஒருத்தி இளநீர்க்காரரின் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தாள். பஸ் வந்ததும் எல்லோரும் ஓடினார்கள். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அந்த ஓட்டத்தைத்தான் நான் நடப்பவர் என்று எழுதியிருந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். ஓய்வு பெற நாலைந்து மாதம்தான். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. எங்கள் எண் தப்பானதே இல்லை என்று சார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர். அதைவிட, நான் உண்மையைச் சொன்னால் மேசை வெளியே வரும். என் முட்டிக்காக அவர் கொடுத்த மேசை. இருந்தாலும் அந்த வாளி கண்ணை விட்டுப் போகவில்லை.

மறுநாள் காலை சார் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்றேன்.

"சார், ஆலை முக்குல நின்ன கூட்டம் பஸ்ஸுக்கு நிக்கல."

"பின்னே?"

"என்னையப் பாக்க நின்னுச்சு சார்."

ஸ்கேல் அப்படியே நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். ஆதார், சரஸ்வதி, கொய்யா, வாளி, ஒன்றையும் விடவில்லை.

"சந்தோஷம்மா" என்றார். ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, "ரொம்ப சந்தோஷம்மா" என்றார். பிறகு அதற்குமுன் நான் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்: "மிக்க மகிழ்ச்சி."

"மேசை யாரு குடுத்தது?" என்று கேட்டார்.

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நான்தான்" என்று அவரே சொல்லிக்கொண்டார். "ஆனா பாக்கியம்மா, ஒரு மேசைக்கு இம்புட்டுக் கூட்டம் கூடும்னு என்னால ஏத்துக்க முடியல. பாத்துருவோம்."

எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு முட்டுச்சந்து உண்டு. உள்கோடியில் ஓடாத மோட்டார் அறை ஒன்று. அங்கே யாருக்கும் எந்த வேலையும் கிடையாது. மறுநாள் பத்து மணிக்குச் சார் அதில் மேசை போட்டு, குடை கட்டி, வெற்றுத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் சந்து முனை டீக்கடையில் எண்ணும் கருவியோடு ஒளிந்துகொண்டேன்.

பத்தே காலுக்கு ஒருவர் எட்டிப் பார்த்தார். பத்தரைக்கு நான்கு பேர். டீக்கடைக்காரரே அடுப்பை அணைத்துவிட்டு, "செத்த கடையப் பாத்துக்கங்கம்மா, வாரேன்" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போய் வரிசையில் நின்றார். பதினொரு மணிக்கு இருபத்திரண்டு பேர். வெயிலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஆதார் நகலை மேசையில் வைக்கத் தொடங்கினார்கள். நீட்டிய தாளை வேண்டாம் என்று சொல்லிச் சாருக்குப் பழக்கமில்லை. இரண்டு கையாலும் வாங்கி, விளிம்பு சேர்த்து அடுக்கினார். அவ்வளவுதான், கூட்டத்துக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "வாங்குறாங்கப்பா, வாங்குறாங்க!" என்று ஒருவர் கத்தினார்.

வரிசையில் எங்கள் அலுவலக வாட்ச்மேன் பிச்சையும் நின்றார். சாருக்கு எதிரே வந்தபோது இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பிச்சை, நீங்க எதுக்கு நிக்கிறீங்க?"

"தெரியல சார். எல்லாரும் நிக்கிறாங்க. எனக்கும் ஒன்னு எழுதிக்கங்க."

"நான் யாருன்னு தெரியுதுல்ல?"

"தெரியும் சார். நீங்களே வந்து உக்காந்திருக்கீங்கன்னா விசயம் இல்லாம இருக்குமா?"

பதினொன்றரைக்கு ஒரு ஷேர் ஆட்டோ சந்துக்குள் வந்து நின்றது. அதிலிருந்து நோட்டும் கையுமாகச் சரஸ்வதி இறங்கினார். எப்படித் தெரிந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஏனுங்க சார், எடத்த மாத்துனா முன்னாடியே சொல்ல மாட்டீங்களா? அம்பத்தி மூணு பேரு பழைய எடத்துல பதிஞ்சு வெச்சிருக்கறனுங்க. அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

சார் எழுந்து கைகூப்பினார். "அம்மா, இங்க ஒன்னும் குடுக்கலைங்க. ஆள் எண்ணத்தான் உக்காந்தோம்."

"அதெப்படீங்க? எண்ணுனா குடுக்கத்தானுங்களே எண்ணுவாங்க?"

சார் மறுபடி உட்கார்ந்தார். ஆதார் நகல்களை ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அது முடிய ஒரு மணி நேரம் ஆனது. பெயர் கூப்பிட்டதில் மனம் குளிர்ந்து, "நாளைக்கு எத்தன மணிக்கு சார்?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள்.

அன்று மதியமே கைப்பட ஒரு கடிதம் எழுதினார். நிழற்குடை வேலையைக் கொடுத்த அதிகாரியிடம் இருவருமாகப் போனோம். நான் வழியெல்லாம், "மேசையப் பத்தி எழுதாதீங்க சார், எண்ணுனதுல நான்தான் தப்புப் பண்ணேன்னு சொல்லிருங்க" என்று கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. கடிதத்தின் முதல் வரியே மேசைதான்: களப்பணியாளருக்கு மேசை வழங்கியது என் முடிவு.

அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்தார். "அப்ப அந்தக் கூட்டம் எதுக்குத்தான் சார் நின்னுச்சு?"

"எங்களைப் பாக்க நின்னாங்க. நாங்க அவங்களைப் பாக்க உக்காந்திருந்தோம்" என்றார் சார், முகத்தில் ஒரு கோடு அசையாமல்.

அதிகாரிக்கு வந்த சிரிப்பில் டீ கடிதத்தின் மேல் கொட்டியது. சார் கைக்குட்டையால் ஒற்றி எடுத்து, "ஒரு வாரம் குடுங்க. இலவசமாத் திரும்ப எண்ணித் தாரோம்" என்றார். கிடைத்தது.

இம்முறை மேசை இல்லை. நான் ஆஸ்பத்திரிச் சுவர் நிழலில், இளநீர்க்காரரிடம் இன்னொரு வாளி வாங்கிப் போட்டு, பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்தேன். எல்லைக்கோட்டை நிழல் வரைக்கும் இழுத்துப் போட்டேன். "எத்தனாவது மாசம்?" என்று யாரும் கேட்காத வயது எனக்கு. "மகளுக்கா, மருமகளுக்கா?" என்றுதான் கேட்டார்கள். ஒரு வாரத்தில் எனக்கு இல்லாத மருமகளுக்கு மூன்று பிரசவம் பார்த்துவிட்டேன்.

ஆலை முக்கில் சாரே நின்றார், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பயணி போல. வேறு ஆளே இல்லாத இடத்தில், பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையோடு, கொடிக்கம்பம் மாதிரி நின்றிருக்கிறார். மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"பாக்கியம்மா, நான் நத்தத்துல இருக்கேன்."

"நத்தத்துலயா? எதுக்கு சார்?"

"பஸ் வந்துச்சும்மா. எனக்காகவே நிறுத்துனாங்க. கண்டக்டர் எறங்கி வந்து, 'வாங்க பெரியவரே, எடம் இருக்கு'ன்னு கையைப் பிடிச்சாரு. அவ்வளவு மரியாதையாக் கூப்பிடுறவர்கிட்ட எப்படி மாட்டேன்னு சொல்றது? அந்த ரெண்டு மணி நேரத்தைப் படிவத்துல கோடு போட்டு விட்டுருங்க."

நிழற்குடை ஆஸ்பத்திரி வாசலில், சுவர் நிழல் இருந்த இடத்திலேயே வந்தது. நீளமாக ஒரு பெஞ்சும் போட்டார்கள். கட்டி முடித்த அன்று பார்க்கப் போனேன். பெஞ்சு நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் தூணில் சாய்ந்திருந்தார்கள். பெஞ்சு இன்னும் ஒரு முழம் நீளம் வேண்டும் என்று சாரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

நான் ஓய்வு பெற்ற நாளில் சால்வை போட்டார்கள், கேக் வெட்டினார்கள். எல்லோரும் பேசியபின் சாரையும் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று, "முட்டி வலிச்சவங்களுக்கு மேசை குடுத்தது தப்பில்ல. அதை வெளிய போட்டதுதான் தப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். புதிதாக வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த வருடம் தை கழிந்தபிறகு, ஒரு கல்யாணத்துக்காக மறுபடி அந்தச் சாலையில் டவுன் பஸ் ஏறினேன். ஆலை இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பியிருந்தது. கல்யாண மண்டபம் அதற்குப் பக்கத்துத் தெரு. நடத்துனர் பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்தபடி, எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார்.

"அந்தப் பழைய அரிசி ஆலை முக்கு..."

"மேசை ஸ்டாப்பா?"

"என்ன ஸ்டாப்பு?"

"மேசை ஸ்டாப்புதான்மா. ரெண்டு மூணு வருசமா எல்லா வண்டியும் நிக்குது." சொல்லிக்கொண்டே விசிலை ஊதினார். வண்டி நின்றது. வெளியே நல்ல கூட்டம். கொய்யா வண்டி, மோர், ஜூஸ் கடை, ஆட்டோக்கள். எல்லோரும் நிஜமாகவே பஸ்ஸுக்கு நின்றார்கள், முண்டியடித்து ஏறினார்கள்.

"ஏன் தம்பி, இதுக்கு மேசை ஸ்டாப்புன்னு எப்படிப் பேரு வந்துச்சு?" என்று படியில் நின்றபடி கேட்டேன்.

"அது ஒரு பெரிய கதைம்மா. முன்னாடி ஒரு மேடம் இங்க மேசை போட்டு உக்காந்து, ஆளுக்கு மூணு சென்ட் எடத்துக்குப் பட்டா எழுதிக் குடுத்தாங்களாம். பத்தே நாளு. சத்தமில்லாம வந்து சத்தமில்லாமப் போயிட்டாங்க."

"நீங்க வாங்குனீங்களா?"

"எங்க வாங்குனேன்மா!" என்று நெற்றியில் தட்டிக்கொண்டார். "விசயம் தெரிஞ்சு ஆதாரை எடுத்துக்கிட்டு நான் ஓடியாறதுக்குள்ள தீந்துபோச்சு."